விண்மீன் மண்டலத்தின் நடுவே ஒரு பட்டை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுருள் வடிவ விண்மீன் மண்டலத்தின் (கேலக்ஸி) படம் கையில் கிடைத்தால் எல்லோருடைய கண்ணும் முதலில் சுருள் கைகளுக்குத்தான் போகிறது. நடுப்பகுதியைப் பாருங்கள் என்று நான் கேட்டுக்கொள்வேன். பாதிக்கும் மேற்பட்ட மண்டலங்களில் அங்கே ஒரு பட்டை குறுக்காகக் கிடக்கும். அந்த மண்டலம் எப்படி வளர்ந்தது, இனி எப்படி மாறும் என்பதைக் கைகளைவிட அந்தப் பட்டைதான் அதிகம் தீர்மானிக்கிறது. அதைப் பற்றித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

பட்டை என்று எதைச் சொல்கிறீர்கள்?

வட்டு வடிவ மண்டலத்தின் மையத்தின் ஊடாக, இரு பக்கமும் நீண்டு, விண்மீன்கள் நெருக்கமாக நிறைந்திருக்கும் பகுதியைத்தான். மையத்தில் உருண்டையாகத் திரண்டிருக்கும் ஒளியை யாரோ இரு புறமும் பிடித்து நீட்டிவிட்டதுபோல் அது தெரியும். இத்தகைய மண்டலங்களில் பலவற்றில் சுருள் கைகள் மையத்திலிருந்து கிளம்புவதில்லை. பட்டையின் இரு முனைகளிலிருந்து கிளம்புகின்றன. எரிடானஸ் விண்மீன்குழுவில், 6 கோடி ஒளியாண்டுகளுக்கும் அதிகமான தொலைவில் இருக்கும் என்ஜிசி 1300 என்ற மண்டலம் இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு. நேராக ஒரு பட்டை, முனைக்கு ஒன்றாக இரண்டு கைகள். கிரேக்க எழுத்தான 'ஃபை' போல ஒரு வட்டமும் அதன் ஊடே ஒரு கோடுமாகத் தெரிந்ததால், 1918-இல் ஹீபர் கர்டிஸ் இந்த வகைக்கு அந்த எழுத்தின் பெயரையே வைத்தார்.

அது கம்பிபோலத் திடமாகச் சுழல்கிறதா?

இல்லை. இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் மற்ற பதில்கள் எல்லாம் எளிதாகிவிடும் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

பட்டை என்பது ஒரு பொருள் அன்று, ஓர் ஒழுங்கு. கோடிக்கணக்கான விண்மீன்கள் தனித்தனியே ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒன்றோடொன்று அவை ஒட்டியிருக்கவில்லை. மோதிக்கொள்வதும் இல்லை எனலாம். ஒவ்வொன்றின் பாதையும் நீள்வட்டம்போல் நீண்டது. அந்த நீண்ட பாதைகளின் அச்சுகள் எல்லாம் ஒரே திசையில் அணிவகுக்கும்போது, எந்த நேரத்தில் பார்த்தாலும் அந்தத் திசையில் விண்மீன்கள் அதிகமாக இருக்கும். நாம் காணும் பட்டை அதுதான். பட்டைக்குள் இருக்கும் விண்மீன் பட்டையைவிட வேகமாகவே மையத்தைச் சுற்றுகிறது. விண்மீன் தன் பாதையில் ஒரு முனைக்கும் மறு முனைக்கும் போய்வந்துகொண்டிருக்க, அந்தப் பாதைகளின் கூட்டம் மொத்தமாக மெல்லத் திரும்புகிறது. சுருள் கைகளுக்குள் விண்மீன்கள் நுழைந்து வெளியேறிவிடும். பட்டையின் விண்மீன்களோ பெரும்பாலும் அதற்குள்ளேயே சிக்கி, பல நூறு கோடி ஆண்டுகள் அதைத் தாங்கி நிற்கின்றன. பட்டை இவ்வளவு நீண்ட ஆயுள் பெறுவதற்கு இதுவே காரணம்.

எத்தனை மண்டலங்களில் பட்டை இருக்கிறது?

எந்த ஒளியில் பார்க்கிறீர்கள், எவ்வளவு மெல்லிய பட்டைவரை கணக்கில் சேர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அருகில் உள்ள வட்டு மண்டலங்களில் பளிச்சென்று தெரியும் வலுவான பட்டைகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் உள்ளன. அகச்சிவப்பில் பார்த்து, வலுவற்றவற்றையும் சேர்த்தால் அது மூன்றில் இரண்டு பங்கை எட்டுகிறது. தூசு மறைத்த பட்டைகளையும் அகச்சிவப்பு காட்டிக்கொடுத்துவிடும்.

எட்வின் ஹபிள் 1926-இல் தன் வகைப்பாட்டில் பட்டை உள்ளவை, இல்லாதவை என்று இரண்டே கிளைகள் வைத்தார். ஜெரார் த வொகூலர் 1959-இல் இரண்டுக்கும் நடுவே ஒரு வகையைச் சேர்த்தார். அவர் செய்ததுதான் இயற்கைக்கு நெருக்கமானது என்பது என் எண்ணம். லேசான முட்டை வடிவத்திலிருந்து கூர்மையான பட்டைவரை எல்லா நிலைகளும் வானில் இருக்கின்றன. நடுவே கோடு கிழிப்பது நம் வசதிக்காகத்தான்.

நம் பால்வீதியிலும் பட்டை இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் அதை உறுதிசெய்யப் பல பத்தாண்டுகள் ஆயின. நாம் வட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம். மையத்துக்கும் நமக்கும் நடுவே தூசு அடர்ந்து கிடக்கிறது. மையத்துக்கு அருகில் வாயு ஓடும் வேகங்கள் வட்டப் பாதைக்குப் பொருந்தவில்லை என்பதைக் கொண்டு, இங்கே ஒரு பட்டை இருக்க வேண்டும் என்று 1964-இல் த வொகூலர் வாதிட்டார். அப்போது பலர் ஏற்கவில்லை. 1990களில், கோபே செயற்கைக்கோள் அகச்சிவப்பில் எடுத்த வரைபடம் நடுப்பகுதி ஒரு பக்கம் சற்றுப் பருமனாக இருப்பதைக் காட்டியது. பட்டையின் ஒரு முனை நம் பக்கமாகச் சாய்ந்திருந்தால், அருகில் இருக்கும் அந்த முனை பெரிதாகத்தானே தெரியும்? வாயுவின் ஓட்டத்தை ஆராய்ந்தவர்களும் அதே காலத்தில் அதே முடிவுக்கு வந்தார்கள். 2005-இல் ஸ்பிட்சர் தொலைநோக்கியின் கணக்கெடுப்பு அதை மேலும் உறுதிப்படுத்தியது.

கதிரவனையும் மையத்தையும் இணைக்கும் கோட்டுக்கு நம் பட்டை ஏறத்தாழ 30 பாகை சாய்ந்திருக்கிறது. மையத்திலிருந்து ஒரு முனைவரை ஏறத்தாழ 15,000 ஒளியாண்டுகள் என்று பல அளவீடுகள் சொல்கின்றன. அதைவிடக் குறைவு என்று வாதிடுபவர்களும் உண்டு. நாம் மையத்திலிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு தள்ளி இருக்கிறோம். ஆகவே பட்டை நம்மை எட்டுவதில்லை. பட்டை ஒரு முறை சுற்ற ஏறத்தாழ 16 கோடி ஆண்டுகள் எடுக்கிறது. கதிரவனுக்கு 22 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.

பட்டை எப்படித் தோன்றுகிறது?

சுழலும் விண்மீன் வட்டு இயல்பாகவே நிலைகுலையும் தன்மை கொண்டது. யாரும் தட்டிவிட வேண்டிய தேவைகூட இல்லை. இந்த உண்மை கணினி வந்த பிறகுதான் தெரிந்தது. 1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும், வட்டமாகச் சுற்றும் துகள்களைக் கணினிக்குள் வைத்து, ஒன்றை ஒன்று ஈர்க்கவிட்டுப் பார்த்தார்கள். ஃபிராங்க் ஹோல் 1971-இல் 1,00,000 துகள்களை வைத்துச் செய்தார். வட்டு வட்டாகவே நிற்கவில்லை; ஒரு சில சுற்றுகளுக்குள் நடுவில் பட்டை முளைத்துவிட்டது. சின்னச் சின்னக் கட்டிகளாக உடையாத அளவுக்கு வட்டு உறுதியாக இருக்க வேண்டும் என்றால் என்ன நிபந்தனை என்று ஆலர் டூம்ரே 1964-இலேயே கணக்கிட்டிருந்தார். அந்த நிபந்தனையை நிறைவுசெய்த வட்டிலும் பட்டை வந்தது என்பதுதான் அனைவரையும் திகைக்கவைத்தது.

ஏன் வந்தது? இரண்டு கோணங்களில் விளக்கம் உண்டு. இரண்டும் ஒரே நிகழ்வைத்தான் பேசுகின்றன.

முதல் விளக்கம் டூம்ரே 1981-இல் எழுதியது. வட்டின் உட்பகுதி வேகமாகவும் வெளிப்பகுதி தாமதமாகவும் சுற்றுவதால், எந்தச் சிறு அடர்த்தி மேடும் இழுபட்டுச் சாய்கிறது. சாயும் அந்த நேரத்தில், சுழற்சி, விண்மீன்களின் ஊசலாட்டம், ஈர்ப்பு ஆகிய மூன்றும் ஒன்றுக்கொன்று கைகொடுத்து அந்த மேட்டைப் பல மடங்கு பெருக்கிவிடுகின்றன. பெருகிய அலை உள்நோக்கிப் போய், மையத்தைக் கடந்து, மறுபடி வெளியே வந்து, மீண்டும் பெருக்கப்படுகிறது. இந்தச் சுற்று திரும்பத் திரும்ப நடந்தால் உள்ளே நிலையாக நிற்கும் வடிவம்தான் பட்டை. மையத்தில் நிறை மிகவும் அடர்த்தியாகக் குவிந்திருந்தால் அலை அதைக் கடக்க முடியாமல் அடங்கிவிடும். அத்தகைய மண்டலங்களில் பட்டை தோன்றுவது கடினம்.

இரண்டாவது டொனால்ட் லிண்டன்-பெல் 1979-இல் சொன்னது. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வட்டுக்குள் ஓடும் விண்மீனை முன்னால் இழுத்தால் என்ன ஆகும்? அது ஆற்றல் பெற்று வெளிப்பக்கமுள்ள பெரிய பாதைக்குப் போகும். பெரிய பாதையில் சுற்ற நேரம் அதிகமாகும். ஆகவே முன்னே இழுக்கப்பட்டது பின்தங்கும்! இழுத்தால் நிற்கும், பிடித்து நிறுத்தினால் ஓடும் கழுதையோடு விண்மீன்களை அவரும் அகிரிஸ் கல்னாய்ஸும் 1972-இலேயே ஒப்பிட்டிருந்தார்கள். வட்டின் உட்பகுதியில், நீண்ட பாதைகளின் அச்சுகள் இப்படிக் கழுதைத்தனம் செய்வதில்லை என்பதே 1979-இன் கண்டுபிடிப்பு. அங்கே அச்சை எந்தப் பக்கம் இழுக்கிறோமோ அந்தப் பக்கமே அது திரும்புகிறது. ஆகவே ஏற்கெனவே சில பாதைகள் ஒரு திசையில் சற்று அதிகமாகச் சேர்ந்துவிட்டால், அக்கம்பக்கத்துப் பாதைகளையும் அவை ஈர்த்துத் தம்மோடு வரிசையில் நிறுத்திவிடும். வரிசை நீள நீள அதன் ஈர்ப்பும் கூடும். மேலும் பல பாதைகள் வந்து சேரும்.

பக்கத்து மண்டலத்தின் ஈர்ப்பாலும் பட்டை உண்டாகுமா?

உண்டாகும். நெருங்கிக் கடந்துபோகும் ஒரு மண்டலம், ஓத விசையால், அதாவது வட்டின் அருகுப் பக்கத்தையும் தொலைவுப் பக்கத்தையும் வேறுவேறு அளவில் இழுக்கும் ஈர்ப்பால், வட்டை நீட்டி, தானாக வர நெடுங்காலம் ஆகக்கூடிய பட்டையை விரைவில் கொண்டுவந்துவிடலாம். ஆனால் தனித்திருக்கும் மண்டலங்களிலும் பட்டைகள் தாராளமாக இருப்பதால், எல்லாவற்றுக்கும் அண்டை வீட்டாரைக் காரணம் சொல்ல முடியாது.

கரும்பொருள் பட்டையைத் தடுக்கிறதா, வளர்க்கிறதா?

கரும்பொருள் என்பது கண்ணுக்குத் தெரியாமல், ஈர்ப்பால் மட்டுமே தன்னைக் காட்டும் பொருள். இந்தத் துறையின் வரலாற்றிலேயே அழகான திருப்பம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது.

ஜெரெமியா ஆஸ்ட்ரைக்கரும் ஜிம் பீபிள்ஸும் 1973-இல் ஒரு கேள்வி எழுப்பினார்கள். வட்டு இவ்வளவு எளிதில் பட்டையாக உருக்குலையும் என்றால், நம் பால்வீதி எப்படி வட்டாகவே இருக்கிறது? அதைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரியாத பெரிய உறை ஒன்று இருந்து, அதன் ஈர்ப்பு வட்டை நிலைநிறுத்த வேண்டும் என்று பதில் சொன்னார்கள். கரும்பொருள் உறை என்ற கருத்து வலுப்பெற்றதில் அந்தக் கட்டுரைக்குப் பெரிய பங்கு உண்டு. பின்னாளில் பார்த்தால், உறை இருப்பது உண்மை. ஆனால் பால்வீதியில் பட்டையும் இருக்கிறது.

ஆரம்பகாலக் கணினிச் சோதனைகள் பலவற்றில் உறையை அசையாத, மாறாத ஈர்ப்பாக மட்டுமே வைத்தார்கள். அப்படி வைத்தால் அது பட்டையை அடக்கத்தான் செய்யும். லியா அதனசூலா 2002-இல், உறையையும் அசையும் துகள்களாக வைத்துச் செய்துகாட்டியபோது கதை தலைகீழானது. கனமான உறை உள்ள மண்டலத்தில் பட்டை தாமதமாகத் தோன்றலாம். ஆனால் தோன்றிய பிறகு அது மற்றவற்றைவிட நீளமாகவும் வலுவாகவும் வளர்கிறது.

காரணம் கோண உந்தம், அதாவது சுழலும் பொருளிடம் உள்ள சுழற்சியின் இருப்பு. பட்டை வளர வேண்டும் என்றால் அதற்குள் இருக்கும் விண்மீன்கள் தங்கள் கோண உந்தத்தை இழக்க வேண்டும். இழக்கும்போது அவற்றின் பாதைகள் வட்டத்தன்மை குன்றி நீளமாகின்றன. பட்டை மெலிந்து நீள்கிறது. இழப்பதை வாங்கிக்கொள்ள யாராவது இருக்க வேண்டும் அல்லவா? வட்டின் வெளிப்பகுதி கொஞ்சம் வாங்குகிறது. கரும்பொருள் உறை ஏராளமாக வாங்குகிறது. இந்தக் கைமாற்றம் எல்லா இடத்திலும் நடப்பதில்லை. ஒத்ததிர்வு உள்ள பாதைகளில்தான் முக்கியமாக நடக்கிறது. ஊஞ்சலை அதன் வீச்சுக்குப் பொருந்தித் தள்ளினால் மட்டுமே அது உயர எழும்பும். பட்டையின் சுழற்சியோடு ஒரு பாதையின் தாளம் முழு எண் விகிதத்தில் பொருந்தும் இடங்களில், பட்டையின் தள்ளல் ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே போகிறது.

எனவே பட்டையின் வாழ்க்கையை ஒரே சொற்றொடரில் சொல்லச் சொன்னால், அது கொடுத்துக் கொடுத்து வளர்வது என்பேன். வாங்குபவர் இல்லாத பட்டை குட்டையாகவே நின்றுவிடுகிறது.

கொடுத்துக்கொண்டே இருந்தால் பட்டையின் சுழற்சி குறையாதா?

குறையும். குறைகிறது என்பதற்கு நம் பால்வீதியிலேயே சான்று கிடைத்திருக்கிறது. கையா விண்கலம் அளந்த விண்மீன் வேகங்களை வைத்து 2021-இல் வெளியான ஆய்வு ஒன்று, நம் பட்டையின் சுழற்சி அது தோன்றிய காலத்திலிருந்து ஏறத்தாழ கால் பங்கு குறைந்திருக்கிறது என்று கணக்கிட்டது. வேகத்தைக் குறைத்தது கரும்பொருளின் இழுவை. இந்தச் செய்தியை முதன்முதலில் படித்தபோது நான் வெகுநேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். எந்தக் கருவியிலும் இதுவரை சிக்காத ஒரு பொருள், பல கோடி விண்மீன்களின் அணிவகுப்புக்கு நிதானமாகத் தடை போடுகிறது!

வேகம் குறையும்போது இன்னொன்றும் நடக்கிறது. மையத்திலிருந்து குறிப்பிட்ட ஒரு தூரத்தில், விண்மீன் சுற்றும் வேகமும் பட்டை சுற்றும் வேகமும் ஒன்றாக இருக்கும். அதை உடன்சுழல் ஆரம் எனலாம். பட்டை தளர்ந்தால் இந்த ஆரம் வெளிநோக்கி நகர்கிறது. இதுவரை எட்டாமல் இருந்த விண்மீன்கள் பிடிக்குள் வருகின்றன. பட்டை உடன்சுழல் ஆரத்தைத் தாண்டி நீள முடியாது என்று ஜார்ஜ் காண்டோபூலோஸ் 1980-இல் காட்டினார். அந்த எல்லைக்கு வெளியே பாதைகள் பட்டைக்குக் குறுக்காகத் திரும்பிவிடுவதால் அவை பட்டைக்கு உதவாது.

இவ்வளவு மெதுவான சுழற்சியை எப்படி அளக்கிறார்கள்?

பல கோடி ஆண்டு காத்திருந்து பார்க்க முடியாது. ஸ்காட் ட்ரெமெய்னும் மார்ட்டின் வைன்பெர்க்கும் 1984-இல் ஒரு நேர்த்தியான வழி சொன்னார்கள். விண்மீன்கள் புதிதாகத் தோன்றுவதும் மறைவதும் மிகக் குறைவு என்று வைத்துக்கொண்டால், எந்த இடத்தில் எவ்வளவு ஒளி இருக்கிறது, அங்கே விண்மீன்கள் நம்மை நோக்கியோ விலகியோ எவ்வளவு வேகத்தில் போகின்றன என்ற இரண்டையும் மட்டும் கொண்டே பட்டையின் சுழற்சியைக் கணக்கிட்டுவிடலாம். வாயுவும் தூசும் குறைந்த என்ஜிசி 936 போன்ற மண்டலங்களில் இது அருமையாகப் பலித்தது.

அளந்து பார்த்தபோது ஒரு சிக்கலும் எழுந்தது. பெரும்பாலான பட்டைகள் கிட்டத்தட்ட உடன்சுழல் ஆரம்வரை நீண்டிருக்கின்றன. அதாவது இன்னும் வேகமாகவே சுழல்கின்றன. நடுப்பகுதியில் அடர்ந்த கரும்பொருள் இருந்தால், இதற்குள் அவை நன்றாகத் தளர்ந்திருக்க வேண்டும் என்று விக்டர் டெபாட்டிஸ்டாவும் ஜெரி செல்வுட்டும் 1998-இல் சுட்டிக்காட்டினார்கள். மண்டலங்களின் உள்ளே கரும்பொருள் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்ற விவாதத்தில் இது இன்றும் ஒரு முக்கியச் சாட்சி.

பட்டை வாயுவை என்ன செய்கிறது?

விண்மீன்கள் ஒன்றை ஒன்று தொடாமல் கடந்துபோகலாம். வாயு அப்படிப் போக முடியாது, மேகங்கள் மோதிக்கொள்ளும். பட்டையின் நீண்ட பாதைகளில் ஓடும் வாயு மோதி, அதிர்ச்சி அலையாகக் குவிந்து, வேகம் இழந்து, மையத்தை நோக்கிச் சரிகிறது. நல்ல படங்களில் பட்டையின் நீளத்துக்கு இரண்டு கருமையான தூசுக் கீற்றுகள் தெரியும். அவை பட்டையின் நடுக்கோட்டில் இருப்பதில்லை. சுழலும் திசையில் முன்னால் இருக்கும் விளிம்பில் சற்று ஒதுங்கி ஓடும். வாயு அடிபடும் இடம் அதுதான்.

சரியும் வாயு நேராக மையத்தில் போய் விழுவதில்லை. சில நூறு அல்லது சில ஆயிரம் ஒளியாண்டுத் தொலைவில், பட்டைக்குக் குறுக்காக அமைந்த வேறொரு பாதைக் குடும்பம் அதை ஏந்திக்கொள்கிறது. அங்கே வாயு வளையமாகச் சேர்ந்து விண்மீன்களாகப் பிறக்கிறது. என்ஜிசி 1097-இன் மையத்தைச் சுற்றி ஏறத்தாழ 5,000 ஒளியாண்டு அகலத்தில் மணிகள் கோத்தாற்போல் ஒளிரும் வளையத்தை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். என்ஜிசி 1300-இல் பட்டையின் நடுவே ஏறத்தாழ 3,300 ஒளியாண்டு அளவில் தனியாக ஒரு குட்டிச் சுருளே இருக்கிறது. நம் பால்வீதியின் மையத்திலும் சில கோடிக் கதிரவன்களின் நிறையுள்ள மூலக்கூறு வாயு திரண்டிருக்கிறது. அதைக் கொண்டுவந்து சேர்த்தது பட்டைதான்.

மையத்துக்கு இப்படி வாரிக்கொடுப்பதால், பட்டை தன் வீச்சுக்குள் இருக்கும் வட்டுப் பகுதியை வாயு இல்லாத வெற்றிடமாக்கிவிடுகிறது. அங்கே புதிய விண்மீன்கள் பிறப்பது ஏறக்குறைய நின்றுபோகும். பொதுமக்கள் கண்ணால் பார்த்து வகைப்படுத்திய கேலக்ஸி ஜூ திட்டத்தின் தரவில், இளம் விண்மீன்கள் குறைந்து சிவந்துபோன வட்டு மண்டலங்களில் பட்டைகள் அதிகம் என்று 2011-இல் தெரிந்தது. பட்டைதான் வாயுவைத் தீர்த்ததா, வாயு தீர்ந்த வட்டில் பட்டை எளிதாக வளர்ந்ததா என்று கேட்டால், இரண்டும் நடக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

அப்படியானால் மையக் கருந்துளைக்கு இரை போடுவது பட்டையா?

பாதி வழிவரை. வாயுவைச் சில நூறு ஒளியாண்டு வரை கொண்டுவரும் வேலையைப் பட்டை நன்றாகச் செய்கிறது. அங்கிருந்து கருந்துளைவரை போக மிச்சமுள்ள கோண உந்தத்தையும் இழக்க வேண்டும். பெரிய பட்டைக்குள் ஒரு சிறு பட்டை தோன்றி அந்த வேலையைத் தொடரலாம் என்று 1989-இல் ஐசக் ஷ்லோஸ்மனும் சக ஆய்வாளர்களும் முன்மொழிந்தார்கள். இரட்டைப் பட்டை உள்ள மண்டலங்கள் உண்மையாகவே பல இருக்கின்றன. என்ஜிசி 1291 அவற்றில் ஒன்று. ஆனாலும் பட்டை உள்ள மண்டலங்களில்தான் கருந்துளை சுறுசுறுப்பாக இருக்கும் என்று கணக்கெடுப்புகள் ஒருமித்துச் சொல்வதில்லை. கருந்துளையின் சீற்றம் பட்டையின் ஆயுளோடு ஒப்பிட்டால் கண்சிமிட்டும் நேரம்தான்; அதனால் இரண்டையும் ஒரே சமயத்தில் பார்க்கும் வாய்ப்பு குறைவு.

பக்கவாட்டில் பார்த்தால் நிலக்கடலைபோல் தெரியும் மண்டலங்கள் எவை?

அவையும் பட்டை மண்டலங்களே. பட்டை தோன்றும்போது வட்டைப்போலவே மெல்லியதாக இருக்கும். வளர வளர, அதற்குள் விண்மீன்கள் நீளவாக்கில் வேகமாகவும் மேலும் கீழும் மிக மெதுவாகவும் ஓடும் நிலை உருவாகிறது. இந்த ஏற்றத்தாழ்வு எல்லை மீறும்போது பட்டை வட்டின் தளத்திலிருந்து வில்லாக வளைந்து, நெளிந்து, பிறகு இரு புறமும் தடித்து அடங்குகிறது. நீரின் அழுத்தத்தால் துள்ளி நெளியும் குழாயின் கதைதான் இது. முடிவில், பக்கவாட்டுத் தோற்றத்தில் நடுவில் சற்று ஒடுங்கி இரு புறமும் புடைத்த நிலக்கடலை வடிவம் வந்துவிடும். இது பட்டையின் பக்கவாட்டுத் தோற்றம் என்று பிரான்சுவாஸ் கோம்பும் ராபர்ட் சாண்டர்ஸும் 1981-இல் கணினியில் கண்டார்கள். சடாரென்று நெளியாமல், ஒத்ததிர்வால் விண்மீன்கள் கொஞ்சம் கொஞ்சமாக மேலேறியும் இதே வடிவம் அமையலாம்.

வளைந்துகொண்டிருக்கும் நிலையிலேயே பிடிபட்ட பட்டைகளும் உண்டு. என்ஜிசி 3227, என்ஜிசி 4569 ஆகிய இரண்டிலும் அந்தக் கட்டம் நடப்பதாக 2016-இல் அறிவித்தார்கள். நம் பால்வீதி இதைக் கடந்துவிட்டது. மையப் புடைப்பில் ஒரே வகை விண்மீன்கள் இரண்டு வெவ்வேறு தொலைவுகளில் குவிந்திருப்பதை 2010-இல் இரண்டு குழுக்கள் கண்டன. நிலக்கடலையின் முன்புறமும் பின்புறமும்தான் அந்த இரண்டு குவியல்கள். நாம் நெடுங்காலம் 'புடைப்பு' என்று அழைத்துவந்ததில் பெரும்பகுதி, பட்டையின் தடித்த நடுப்பகுதி என்றே இன்று கருதப்படுகிறது.

பட்டை அழிந்துபோகுமா?

ஒருகாலத்தில் அழியும் என்றே பலரும் நம்பினார்கள். மையத்தில் நிறை குவியக் குவிய நீண்ட பாதைகள் சிதறி, பட்டை கரைந்துவிடும் என்பது அவர்களின் வாதம். தத்துவமாக அது சரி. ஆனால் எவ்வளவு நிறை வேண்டும் என்று கணக்கிட்டபோது, மொத்த வட்டின் நிறையில் சில விழுக்காடாவது ஒரே இடத்தில் குவிய வேண்டும் என்று தெரிந்தது. பால்வீதியின் மையக் கருந்துளைக்கு ஏறத்தாழ 43 லட்சம் கதிரவன்களின் நிறை. வட்டின் நிறையில் அது பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவே. இதனால் பட்டைக்கு எந்த ஆபத்தும் இல்லை.

பெரிய மண்டலங்களின் மோதல் வட்டையே குலைத்துவிட்டால் பட்டையும் போய்விடும். வெளியிலிருந்து புதிய வாயு வந்துசேர்ந்தால், வலுவிழந்த பட்டை மீண்டும் வலுப்பெறலாம் என்று காட்டும் கணினிச் சோதனைகளும் உண்டு. இப்படிப்பட்ட இடையூறு இல்லாதவரை பட்டை நிலைத்து நிற்கும் என்பதே இன்று பெரும்பாலோர் கருத்து.

பிரபஞ்சத்தின் முதல் பட்டைகள் எப்போது தோன்றின?

இதற்கான பதில் அண்மையில் பெரிதும் மாறியது. ஹபிள் தொலைநோக்கியின் படங்களை வைத்து 2008-இல் செய்த ஆய்வு, இன்று ஏறத்தாழ 65 விழுக்காடு வட்டு மண்டலங்களில் இருக்கும் பட்டை, 700 கோடி ஆண்டுகளுக்கு முன் ஏறத்தாழ 20 விழுக்காட்டில்தான் இருந்தது என்றது. அக்கால வட்டுகளில் வாயு அதிகம், கொந்தளிப்பும் அதிகம். பட்டை அமைய அவை இன்னும் பக்குவப்படவில்லை என்று அதற்கு விளக்கம் தந்தார்கள்.

பிறகு ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி வந்தது. ஹபிள் படத்தில் வெறும் மங்கலான திட்டாகத் தெரிந்த இஜிஎஸ்-23205 என்ற மண்டலம், வெப் எடுத்த அகச்சிவப்புப் படத்தில் சுருளும் தெளிவான பட்டையுமாகத் தெரிந்தது. அதன் ஒளி 1,100 கோடி ஆண்டுகளுக்கு முன் கிளம்பியது. 2023-இல் அறிவிக்கப்பட்ட சீர்ஸ்-2112 அதையும் தாண்டியது: பிரபஞ்சத்துக்கு வெறும் 210 கோடி வயதாக இருந்தபோதே அங்கே பட்டை இருந்திருக்கிறது. பழங்காலத்தில் பட்டைகள் குறைவு என்பது மாறவில்லை. ஆனால் அவ்வளவு சீக்கிரம் ஒரு பட்டை அமைய வேண்டும் என்றால், அந்த மண்டலத்தின் உட்பகுதியில் கரும்பொருளைவிட விண்மீன்களும் வாயுவும் ஆதிக்கம் செலுத்தியிருக்க வேண்டும். மொத்த ஈர்ப்பில் வட்டின் பங்கு எவ்வளவு அதிகமோ, பட்டை அவ்வளவு விரைவில் முளைக்கும் என்பதைக் கணினிச் சோதனைகள் தெளிவாகக் காட்டுகின்றன.

ஒரு பட்டையின் வயதை எப்படிச் சொல்வது?

பட்டையில் உள்ள விண்மீன்களின் வயதை அளப்பதால் பயனில்லை. பட்டை அமைவதற்கு முன்பே பிறந்த விண்மீன்களும் அதில் சிக்கியிருக்கும். பட்டை அமைந்த பிறகுதான் வாயு மையத்துக்கு வந்து, அங்கே ஒரு சிறு வட்டு உருவாகிறது. ஆகவே அந்த உள்வட்டில் பிறந்த மிகப் பழைய விண்மீன்களைத் தேட வேண்டும். இந்த முறையில் என்ஜிசி 4371-இன் பட்டைக்கு ஏறத்தாழ 1,000 கோடி வயது என்று தெரிந்தது. நம் பால்வீதியில், உள்வட்டின் மீரா வகை மாறொளி விண்மீன்களை வைத்துப் பார்த்தால் பட்டைக்கு ஏறத்தாழ 800 கோடி வயது. கதிரவன் பிறந்து 460 கோடி ஆண்டுகளே ஆகின்றன. நாம் வந்தபோது பட்டை ஏற்கெனவே சுழன்றுகொண்டிருந்தது.

இவ்வளவு தொலைவில் இருக்கும் பட்டை நம் பக்கத்து விண்மீன்களைப் பாதிக்கிறதா?

பாதிக்கிறது. கதிரவனுக்கு அருகில் உள்ள விண்மீன்களின் வேகங்களை வரைபடமாக்கினால், ஒரு கூட்டம் மற்றவற்றிலிருந்து விலகி, சற்றுத் தாமதமாகவும் வெளிநோக்கியும் நகர்வது தெரிகிறது. அதற்கு ஹெர்குலிஸ் ஓடை என்று பெயர். இது பட்டையின் ஒத்ததிர்வால் உண்டானது என்று வால்ட்டர் டேனன் 2000-இல் விளக்கினார். அவர் கணக்குப்படி பட்டை மிக வேகமாகச் சுழல வேண்டியிருந்தது. பின்னர் வேறு வழிகளில் அளந்தபோது சுழற்சி அதைவிடக் குறைவு என்று தெரிந்தது. அதே ஓடைக்கு உடன்சுழல் ஒத்ததிர்வைக் காரணமாகச் சொல்லும் விளக்கம் இப்போது வலுவாக நிற்கிறது. எந்த ஒத்ததிர்வு என்பதில்தான் வாதம், பட்டையின் கை இருக்கிறது என்பதில் இல்லை.

பட்டையை நானே பார்க்க முடியுமா?

இருண்ட தென்வானில் வெறும் கண்ணுக்கே ஒன்று தெரியும். ஏறத்தாழ 1.6 லட்சம் ஒளியாண்டு தொலைவில் உள்ள பெரிய மெகல்லன் மேகத்தின் பளிச்சென்ற நடுப்பகுதி ஒரு பட்டைதான். அது மண்டலத்தின் நடுவில் இல்லாமல் ஒருபுறம் ஒதுங்கியிருப்பது அதன் தனி விந்தை.

தொலைநோக்கி இருந்தால், நிலா இல்லாத இரவில் ஃபோர்னாக்ஸ் விண்மீன்குழுவின் என்ஜிசி 1365-ஐத் தேடுங்கள். மையம் உடனே தெரியும். பட்டை அவ்வளவு சீக்கிரம் பிடிபடாது. கண்ணை இருட்டுக்குப் பழக்கி, நேராகப் பார்க்காமல் சற்று ஓரமாகப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் மையம் ஒரு பக்கமாகக் கொஞ்சம் நீண்டிருப்பதுபோல் தோன்றும். பிறகு அந்த நீட்சி இரு புறமும் உறுதிப்படும். பொறுமையும் வானமும் கைகொடுத்தால், அதன் நுனியிலிருந்து ஒரு கை வளைந்து இறங்குவதும் தெரியும்.